நான் அறுத்த ஒரே எருமைக்கடா

சென்ற வாரம் எங்கள் சபையிலிருந்து மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். பண்டிகைக்கு ஒரு எருமைக்கடா வாங்கியிருக்கிறார்களாம். அதை வரிசை வீடுகள் இருக்கும் லைனிலேயே அறுத்துப் பங்கு போட்டுக்கொள்வதா, கட்டணம் கட்டித் தொட்டிக்கு ஓட்டிக்கொண்டு போவதா என்று அவர்களுக்குள் தகராறு. மாடு அறுக்கச் சுரங்கக் கம்பெனி கட்டிய கொட்டடிக்கு எங்கள் பக்கத்தில் தொட்டி என்றுதான் பெயர். "நீங்க காலம் பூரா தொட்டியில இருந்தவரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றார்கள். அவர்களில் இளையவர், லைனில் அறுப்பதாக இருந்தால் நானே கத்தி பிடிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்த என் மனைவி எஸ்தர் சிரித்த சிரிப்பில் பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது.

அவள் சிரித்த காரணத்தை அவர்களுக்குச் சொன்னேன். சொல்லி முடித்ததும், "இத்த எழுதி வையுங்க" என்றார்கள். எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குடியாத்தத்துக்குப் பக்கம். மழை பொய்த்த இரண்டு வருஷத்தில் ஊரில் பாதிப் பேர் கோலார் தங்கவயலுக்கு வந்துவிட்டார்கள். நானும் வந்தேன். முதல் நாள் என்னைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றிச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். கேஜ் நகர்ந்ததும் நான் போட்ட கூச்சலில், கூட நின்றவர்கள் கயிறு அறுந்துவிட்டது என்று நினைத்து அவர்களும் கத்தினார்கள். மூன்று நாள் இப்படி நடந்தது. நான்காம் நாள் மேஸ்திரி, "நீ மண்ணுக்கு மேல பொழைக்கிற ஆளுப்பா" என்று வெளியே அனுப்பிவிட்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்திருந்ததால் தொட்டியில் வேலை கிடைத்தது. வரும் மாடுகளின் நிறம், கொம்பு, அடையாளம் எழுத வேண்டும். சோதனை முடிந்த கறியில் ஊதா மையில் முத்திரை போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் நாள் கத்தி இறங்கியதைப் பார்த்ததும் மயங்கி விழுந்தேன். தலைமைக் கசாப்புக்காரர் காதர் சாயபு முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார். "இன்னா தம்பி, ரத்தம் ஒத்துக்கலயா? பரவால்ல. அறுக்கறப்போ மொகத்த செவுத்துப் பக்கம் திருப்பிக்க" என்றார். அதன்படியே செய்தேன். வருஷக் கணக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டே தொட்டியில் வேலை பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அந்தச் சுவரில் எந்தக் கல் எங்கே பெயர்ந்திருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். மாட்டை உரித்துக் கழுவித் தொங்கவிட்ட பிறகு காதர் சாயபு இருமுவார். அப்போது திரும்புவேன்.

எங்களுக்கு மேலே இருந்தவர் ரங்கநாத முதலியார். மாட்டு வைத்தியம் படித்தவர். கறியைச் சோதித்து நல்லது, கெட்டது சொல்வது அவர் பொறுப்பு. அவரோ சுத்த சைவம். முட்டை உடைந்த வாசனை வந்தால்கூட அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார். அப்படிப்பட்டவர் தினமும் விடிந்ததும் குளித்து, விபூதி பூசி, கோட்டு மாட்டிக்கொண்டு, குடல் நாற்றத்துக்கு நடுவில் வந்து நிற்பார். மூக்கை ஒரு நாளும் மூடியதில்லை. நான் மூடினால் என் கையைப் பார்ப்பார். "மூக்கும் வேலைக்குத்தான் வந்திருக்கு, தேவசகாயம்" என்பார். அவர் யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. மாட்டைக்கூட "இவர்" என்றுதான் சொல்வார்.

"இவரைக் கொஞ்சம் நடக்க விடுங்க" என்பதுதான் அவர் தொடங்கும் விதம். பத்தடி போய்ப் பத்தடி வர வேண்டும். அவர் காலைப் பார்ப்பார், மூச்சைப் பார்ப்பார். மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஒரு பிடி புல்லைப் போட்டுவிட்டு, அது தின்னும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மாடு தின்னாவிட்டால், "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிடுவார். ஓட்டிவந்தவன் காலில் விழுந்தாலும் அந்த ‘நாளைக்கு’ நாளைக்குத்தான்.

அறுத்த பிறகு உள்ளுறுப்புகளைக் கருங்கல் மேடையில் ஒரு வரிசையில் வைக்க வேண்டும். நாக்கு, நுரையீரல், இதயம், கல்லீரல், மண்ணீரல், கடைசியில் சிறுநீரகம். ஒன்று இடம் மாறினாலும் பார்க்க மாட்டார். காதர் சாயபு வைப்பார், நான் பெயர் சொல்லிக் குறித்துக்கொள்வேன். முதலியார் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, பிரம்பு நுனியால் புரட்டச் சொல்லி, அவசரமே இல்லாமல் நகர்வார். கடைசியில், "போடுங்க" என்பார். நான் முத்திரை போடுவேன்.

என் முதல் ஏழு வருஷத்தில் ஒரே ஒரு தடவை அவர் மண்ணீரலுக்கு முன்னால் நின்று மூன்றடி பின்வாங்கினார். அவர் பின்வாங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. மண்ணீரல் சாதாரணமாக ஒரு தட்டையான வார் போல, சாம்பல் கலந்த நீலத்தில் இருக்கும். அன்றைக்கு அது மூன்று பங்கு வீங்கி, கறுத்து, பிரம்பு பட்ட இடத்தில் சேறு மாதிரி கலங்கியது. ரத்தம் உறையாமல் தார் போலக் கிடந்தது. "அடைப்பான். எல்லாரும் வெளிய போங்க" என்றார். மாட்டோடு கயிறு, வாளி, துடைத்த துணி எல்லாம் சுண்ணாம்புக் குழிக்குள் போயின. எங்கள் எல்லோரையும் கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் முழங்கைவரை கழுவ வைத்தார். "இது மாட்டோட போற நோவு இல்லீங்க. மனுஷனுக்கும் வரும்" என்று அவர் சொல்லித்தான் அன்று அறிந்தோம்.

இனி என் மானம் போன கதை.

எஸ்தருடைய அண்ணன் மாசிலாமணி சுரங்கத்தில் பாறை துளைக்கிறவன். அவன் புஜம் என் தொடை பருமன் இருக்கும். பெண் பார்க்கப் போன அன்றே, "மாப்ள, தொட்டியில ஒரு நாளைக்கு எத்தினி தலை?" என்று கேட்டான். "ஆறு, ஏழு" என்றேன். முத்திரை போடுகிற கணக்கைச் சொன்னேன். அவன் அறுக்கிற கணக்கு என்று எடுத்துக்கொண்டான். அவன் கண்ணில் தெரிந்த மரியாதையைப் பார்த்ததும் திருத்த மனசு வரவில்லை. அப்புறம் அது தானாக வளர்ந்தது. லைனில் யாராவது கோழி அறுத்தால்கூட, "தொட்டிக்காரர் பார்க்கிறார், ஒழுங்கா அறு" என்பார்கள். நானும் தலையை ஆட்டுவேன், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே. உண்மை தெரிந்தவள் எஸ்தர் ஒருத்திதான். கல்யாணமான புதிதில் அவள் அரிவாள்மனையில் விரலை அறுத்துக்கொண்டபோது, கட்டுப் போட வந்த நான் விழுந்து, அவள்தான் எனக்குத் தண்ணீர் தெளித்தாள்.

சுரங்கத்துக்கு எலக்ட்ரிக் விளக்கு வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி, ஒரு கிறிஸ்துமஸ். நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் எங்கள் லைனில் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஒரு கடா வாங்குவது என்று மாசிலாமணி ஏற்பாடு செய்தான். லைனில் பெரிய மாடு எதையும் அறுக்கக் கூடாது, தொட்டிக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்று கம்பெனி உத்தரவு இருந்தது. அந்த உத்தரவை எழுதி, லைனின் மூங்கில் தட்டிச் சுவர்களில் ஒட்டியதே நான்தான்.

"தொட்டிக்கு எதுக்கு?" என்றான் மாசிலாமணி. "கட்டணமும் கட்டணும், தோலையும் அவங்க எடுத்துக்குவாங்க, தலையும் குடலும் பாதி காணாமப் போவும். பொரிக்க ரத்தம் ஒரு சொட்டு வராது. நம்ம வீட்டுலயே தொட்டிக்காரரு கீறாரு. இன்னா மாப்ள?"

இரண்டு காரணங்களுக்காக நான் மறுத்திருக்க வேண்டும். உத்தரவை மீறக் கூடாது என்பது ஒன்று. எனக்கு அறுக்கவே தெரியாது என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொல்ல வெட்கம். முதலாவதைச் சொன்னால் இரண்டாவதற்குச் சாக்கு என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம். "பார்க்கலாம்" என்றேன். பன்னிரண்டு வீட்டிலும் அதை, "சரி" என்று கேட்டார்கள்.

"இன்னாங்க, நெசமாவா?" என்றாள் எஸ்தர்.

"அவன் ஏற்பாடு பண்றான். நாளு வர்றதுக்குள்ள எதுனா நடக்கும்" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடிவதற்கு முன்பே நானும் மாசிலாமணியும் பங்காருபேட்டைப் பக்கம் போய்க் கடாவை வாங்கினோம். தண்ணீர் வண்டி இழுத்த எருமைக்கடா. "மஞ்சி துன்னபோது, சாமி, மஞ்சி துன்னபோது" என்று, நல்ல கடா, நல்ல கடா என்று, விற்றவர் தெலுங்கில் பத்து தடவை சொன்னார். கடா நன்றாக இருந்தால் ஒரு தடவை போதுமே என்று எனக்குத் தோன்றவில்லை. வழியில் அது இரண்டு இடத்தில் உட்கார்ந்தது. குட்டையில் தண்ணீர் காட்டினோம், குடிக்கவில்லை. முதலியார் என்றால் அந்தக் குட்டையருகிலேயே, "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லியிருப்பார். நானோ, "வயசாச்சு, சோம்பல். கறி நல்லா வேகும்" என்று விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தேன். மாசிலாமணி பயபக்தியோடு கேட்டுக்கொண்டு வந்தான்.

லைனுக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியில் பன்னிரண்டு வீட்டாரும் குண்டான், சட்டி, முறம் சகிதம் காத்திருந்தார்கள். நான் கடாவின் நெற்றியில் கை வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியாது. கடா அப்படியே முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது. "பாத்தியா! கைய வச்சாரு, உட்காந்துடுச்சு!" என்று கூட்டத்தில் ஒரே ஆரவாரம். சாகக் கிடந்த மாடு அது. எனக்கு அப்போது உச்சி குளிர்ந்துவிட்டது.

மாசிலாமணி சுரங்கத்துச் சம்மட்டியால் நெற்றியில் ஒரே அடி அடித்தான். கடா துடிக்கக்கூட இல்லை. கத்தி என் கையில். இங்கே திரும்பிக்கொள்ளச் சுவர் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கழுத்தில் இழுத்தேன். மூன்றாவது தடவையில் பட்டது. ரத்தம் பீறிட வேண்டும், பீறிடவில்லை. கறுப்பாக, கெட்டியாக வழிந்தது. எஸ்தரும் இன்னொரு பெண்ணும் உப்புப் போட்ட அகலச் சட்டியில் அதைப் பிடித்தார்கள்.

உரிக்கத் தொடங்கினேன். அந்தத் தோலில் நான் போட்ட ஓட்டைகளை எண்ணினால் சல்லடைக்குத்தான் ஆகும். ஒரு பக்கம் உரிப்பதற்குள் பாதிப் பொழுது போய்விட்டது. பொறுக்க மாட்டாமல் மாசிலாமணியே இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான். வந்த வேகத்தில் கட்டைவிரலைக் கீறிக்கொண்டான். வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு மேலே உரித்தான்.

"இன்னாங்க," என்றாள் எஸ்தர், "ரத்தம் உறைய மாட்டேங்குது."

"குளிரு. அப்டித்தான் இருக்கும்" என்றேன். குளிரில் ரத்தம் உறையாது என்ற புது சாஸ்திரத்தை அன்று கண்டுபிடித்தேன்.

வயிற்றைத் திறந்தாயிற்று. உறுப்புகளை எடுத்துப் பாயில் வைக்கத் தொடங்கினேன். அதுவரை செய்த எதுவும் எனக்குத் தெரியாத வேலை. இது ஒன்றுதான் தெரிந்த வேலை. கை தானாக வரிசை பிடித்தது. நாக்கு, நுரையீரல், இதயம், கல்லீரல். வாயும் தானாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தது. "மண்ணீரல்" என்று சொல்லி வைத்துவிட்டு நிமிர்ந்தவன், மறுபடியும் குனிந்தேன்.

கறுத்து, மூன்று பங்கு வீங்கியிருந்தது. சுட்டுவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று.

மூன்றடி பின்வாங்கினேன். முதலியார் வைத்த அதே மூன்றடி.

"யாரும் தொடாதீங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இது அடைப்பான். மனுஷனுக்கும் வர்ற நோவு. ஒரு துண்டுகூட வீட்டுக்குள்ள போவக்கூடாது."

எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். ஒரு வருஷமாக எதிர்பார்த்த கறி. நன்றாக வேகவைத்தால் எந்த நோவும் போய்விடும் என்றார் ஒருவர். மஞ்சள் போட்டுக் கழுவினால் போதும் என்றாள் ஒரு அம்மா. மாசிலாமணி கத்தியோடு எழுந்து வந்தான்.

"தொட்டிக்குப் போவலன்னு கம்பெனி சொல்லிக்குடுத்த பேச்சா இது?"

"இல்ல மச்சான். நான் பாத்துக்கீறேன். தொட்டியில ஒருதரம் வந்துச்சு."

"ஏழு வருஷமா அறுக்கறேன்ன. ஒரு தோலு உரிக்கத் தெரியல. தோலு தெரியாதவனுக்கு மண்ணீரல் மட்டும் தெரியுதா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே முக்கியமான உண்மை அது. அதை நம்ப வைக்க வேண்டுமானால் ஏழு வருஷப் பொய்யை முதலில் எடுத்து வெளியே போட வேண்டும். பன்னிரண்டு வீட்டுக்கும் எதிரில் போட்டேன்.

"நான் அறுக்கறவன் இல்ல. ஒரு ஆட்டக்கூட அறுத்ததில்ல. அறுக்கறப்போ செவுத்தப் பாத்துக்கினு நிப்பேன். என் வேல முத்திர போடுறது. ஆனா முதலியார் பக்கத்துல நின்னு ஏழு வருஷமா இந்த வரிசைய பாத்துக்கீறேன். எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அழுதிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. சிரித்துக்கொண்டே குண்டானை எடுத்துக்கொண்டு நெருங்கினார்கள். பொய்யன் என்று நானே ஒப்புக்கொண்டாயிற்று. பொய்யன் பேச்சைக் கேட்டுக் கறியை யார் விடுவார்கள்?

நான் வீட்டுக்குள் ஓடி மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிவந்தேன். வீரமாக வந்தேன். மூடியைத் திறக்க முடியவில்லை. கை வழுக்கியது. எஸ்தர் ரத்தச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, முந்தானையால் மூடியைப் பிடித்துத் திருகினாள். டின்னை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"அண்ணா, இவரு ரத்தம் பாத்தா விழுந்துடுவாரு. என் விரலு அறுந்ததுக்கே விழுந்தவரு. இன்னிக்கிக் காத்தாலேர்ந்து ரத்தத்துல நிக்கறாரு, விழல. அவ்ளோ பயம் வேற எதுமேலயோ கீது. நான் நம்பறேன்."

சொல்லிவிட்டுக் கறிமேல், குடல்மேல், சட்டியில் இருந்த ரத்தத்தின்மேல் எல்லாம் ஊற்றினாள். டின் காலியாகும்வரை ஊற்றினாள். மாசிலாமணி, "பன்னண்டு வீட்டுக் கறிய கெடுத்துட்டியேடி!" என்று கத்தியது கேட்டது. எஸ்தர் சொன்ன பிறகுதான் நான் இன்னும் விழவில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் விழுந்தேன்.

விழித்தபோது கறியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. மண்ணெண்ணெய் நாற்றத்தில் யாரும் கிட்டே போகவில்லை. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவுமில்லை. நான் எழுந்து நேராக முதலியார் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. முடிந்ததும் ஒரே கேள்வி.

"மண்ணீரலை எந்த விரலால தொட்டீங்க?"

காட்டினேன். கொல்லைப்புறம் அழைத்துப் போய்க் கார்பாலிக்கை எடுத்து, விரல் விரலாக அவரே கழுவிவிட்டார். பிறகுதான் கோட்டைப் போட்டுக்கொண்டார். வழியில் கேட்டார்: "நடக்க விட்டுப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க."

"தண்ணி குடிச்சாரா?"

"இல்லீங்க."

அவர் எனக்கு முன்னால் நடந்தார். இரண்டு அறை விட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவர் மண்ணீரலைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "பண்டிகை நாள்ல இப்படி ஆனதுக்கு வருத்தம்தாங்க. ஆனா தேவசகாயம் சொன்னது சரி. பத்தடி ஆழம் குழி வேணும்" என்றார். தங்கவயலில் குழி தோண்ட ஆள் தேட வேண்டுமா? மாசிலாமணி கடப்பாரையை எடுத்தான். அவனுடைய ஆட்கள் பின்னாலேயே போனார்கள். தங்கம் எடுத்த பிறகு மில் மண் கொட்டுகிற மேட்டுக்கு அப்பால், செங்குத்தாக, நூல் பிடித்த மாதிரி குழி. கடா, தோல், பாய், சட்டி, கயிறு, ரத்தம் சிந்திய தரையில் ஒரு சாண் மண், எல்லாம் உள்ளே. மேலே சுண்ணாம்பு. தரையில் வைக்கோல் போட்டு எரித்தார்கள். தொட்டவர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்று கைகழுவினார்கள். "பத்து நாளைக்குக் கையில ஒரு சின்னக் கொப்புளம் வந்தாலும் மறைக்காதீங்க" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார் முதலியார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு வீட்டிலும் கருவாட்டுக் குழம்பு. பண்டிகைக் காலை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், விபூதியும் கோட்டுமாக எங்கள் சபைக் கோயில் வாசலில் முதலியார் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொருவர் கையாகப் பிடித்தார், திருப்பினார், விட்டார். பண்டிகை வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, ஆராதனை நடத்திய ஐயர் மனம் நெகிழ்ந்து தன் இரண்டு கையையும் நீட்டினார். அவற்றையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

நான்காம் நாள் மாசிலாமணியின் கட்டைவிரலுக்கு மேலே, மணிக்கட்டருகில் கொசு கடித்த மாதிரி ஒன்று. வலிக்கவில்லை என்று அவன் மறைக்கப் பார்த்தான். முதலியார் விடவில்லை. மாலைக்குள் கை வீங்கி, நடுவில் கரித்துண்டு போலக் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அதைச் சுற்றி வெட்டியெடுத்து, கார்பாலிக்கால் சுட்டார். ஐந்து நாள் காய்ச்சல். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாறையைத் துளைக்கிற அந்தக் கை தலையணை மாதிரி ஊதிக் கிடந்தது. எஸ்தர் வந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போவாள்.

காய்ச்சல் சற்று இறங்கிய அன்று அவன் கண் திறந்தான்.

"மாப்ள, நீ அறுக்கறவன் இல்லன்னு முன்னயே சொல்லியிருந்தா, அந்தக் கடா எங்க போயிருக்கும்?"

"தொட்டிக்குத்தான் போயிருக்கும்."

"முதலியார் நடக்க வுட்டுப் பாத்திருப்பாரு."

"ஆமா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் திட்டியிருக்கலாம். இந்தக் கதையில் எந்த இடத்தைச் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும். இந்த இடம் மட்டும் வராது.

அவன் பிழைத்தான். கட்டைவிரல் முழுவதும் மடங்காமல் போயிற்று, துளைக்கிற வேலைக்கு அது இடைஞ்சலாக இல்லை. லைனில் வேறு யாருக்கும் எதுவும் வரவில்லை. மண்ணீரலுக்குள் விரல் விட்ட எனக்கும் வரவில்லை.

மேலே இருந்த துரைக்கு அறிக்கை போக வேண்டும். முதலியார் சொல்லச் சொல்ல நானே எழுதினேன், எழுத்து வேலை எனக்குத்தானே. "மேற்படி தேவசகாயம், கசாப்பு வேலை சிறிதும் அறியாதவர், உத்தரவை மீறி லைனில் கடாவை அறுத்தார்" என்றார். என் பேனா நின்றது.

"இன்னா நிறுத்திட்டீங்க? தப்பா?"

"இல்லீங்க. சரிதாங்க."

"அப்ப எழுதுங்க. அடுத்து: நோயை முதலில் கண்டுபிடித்ததும், கறியை யாரும் தொடாமல் தடுத்ததும் இவரே."

பேனா மறுபடியும் நின்றது. தடுத்தவள் எஸ்தர் என்று சொன்னேன்.

"சரி. இவரும் இவர் மனைவியும்னு எழுதுங்க" என்றார்.

துரை என்னை ஒரு மாதம் வேலைக்கு வராதே என்றார். திரும்பி வந்தபோது முத்திரையோடு இன்னொரு வேலையும் காத்திருந்தது. ஒவ்வொரு பண்டிகைக்கும் முன்னால் லைன் லைனாகப் போய், வீட்டில் மாடு அறுத்தால் என்ன ஆகும் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். உத்தரவை ஒட்டியபோது அதை யாரும் படிக்கவில்லை. கதை நான் டின் மூடியைத் திறக்க முடியாமல் நின்ற இடத்துக்கு வந்தால், எல்லா லைனிலும் காது கொடுத்துக் கேட்டார்கள். வேலையை விடும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு மாசிலாமணியே ஒரு கடாவைத் தொட்டிக்கு ஓட்டிவந்தான். முதலியார் சொல்வதற்கு முன்பே பத்தடி நடத்திக் காட்டினான். புல் போட்டார்கள், தின்றது. தண்ணீர் வைத்தார்கள், குடித்தது. காதர் சாயபு அறுத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தோல் ஒரே துண்டாக, போர்வை மாதிரி கழன்று வந்ததை மாசிலாமணி வாய் பிளந்து பார்த்தான் என்று காதர் சாயபு பிறகு சொன்னார். உறுப்புகள் வரிசையாக மேடைக்கு வந்தன. முதலியார் ஒவ்வொன்றாக நின்று பார்த்தார்.

"போடுங்க" என்றார்.

நான் மையைத் தொட்டு முத்திரை போட்டேன். மாசிலாமணி என் பக்கத்தில் வந்து நின்று, அந்த ஊதா வட்டத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவ்ளோதான் உன் வேலையா மாப்ள?"

"இவ்ளோதான்."

"இதுக்கா கம்பெனி சம்பளம் குடுக்குது?"

"ஆமா."

அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

"குடுக்கட்டும்" என்றான்.